சந்தேகத்தின் கணக்கு

மோதிய கணத்தில் டார்ட் விண்கலத்தின் கணினி வேறொரு உலகத்தில் இருந்தது. இலக்கு 130 மீட்டர் தள்ளி இருக்கிறது, நாம் அதை விட்டு விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறோம் என்பது அது போட்டுவைத்திருந்த கணக்கு. உண்மையில் அது விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போய் இலக்கின்மீது இடித்தது.

2022இல் டிமார்ஃபோஸ் என்ற சிறுகோள்மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்ட டார்ட் வேறு. இது 2005 ஏப்ரல் 15 அன்று நாசா ஏவிய, அதே பெயர் கொண்ட முந்தைய கலம். தரையிலிருந்து எந்தக் கட்டளையும் வாங்காமல், ஒரு விண்கலம் இன்னொன்றைத் தானே தேடிப்போய், நெருங்கி, அதன் அருகில் பறந்து, விலகி வர முடியுமா என்று பார்ப்பதற்காக அது அனுப்பப்பட்டது. இலக்காக அமைந்தது 1999இல் ஏவப்பட்ட மப்ள்காம் என்ற சிறிய தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். 24 மணி நேரத்துக்குத் திட்டமிட்ட பயணம். சுமார் 11 மணி நேரத்திலேயே எரிபொருள் தீர்ந்துவிட்டதென்று கண்டுகொண்ட கலம் தானாக விலகும் படிக்குப் போனது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பே மோதல் நடந்து முடிந்திருந்தது.

விசாரணைக் குழு 2006இல் வெளியிட்ட சுருக்க அறிக்கையை, தானியங்கிக் கலங்களைப் பற்றிப் படிக்கும் எவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். டார்ட்டின் முதன்மை ஜி.பி.எஸ். கருவி இடத்தைச் சரியாகத்தான் சொன்னது. வேகத்தை மட்டும் விநாடிக்கு 0.6 மீட்டர் அளவுக்குத் தொடர்ந்து தவறாகச் சொன்னது. கணினி அந்த வேகத்தை வைத்து, அடுத்த கணத்தில் நாம் எங்கே இருப்போம் என்று ஊகித்தது. ஊகத்துக்கும் ஜி.பி.எஸ். காட்டிய இடத்துக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அது ஓர் எல்லையைத் தாண்டியதும், மென்பொருள் தன் ஊகத்தை முழுதாக அழித்துவிட்டு, கருவி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கியது. கருவி சொன்னதில் அதே தவறான வேகமும் இருந்தது. ஆகவே மறுபடி இடைவெளி, மறுபடி அழிப்பு. சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, பயணம் முழுவதும் இது நடந்தது. ஒவ்வொரு முறையும் இல்லாத பிழையைத் திருத்த உந்துபொறிகள் இயங்கின, எரிபொருள் கரைந்தது.

இந்தக் கருவியின் வேகப் பிழை முன்பே தெரிந்த ஒன்று. அதற்கான திருத்தம் கலத்தில் சேர்க்கப்படவில்லை. ஏவுவதற்கு முன் நடந்த கணினிச் சோதனைகளில் ஜி.பி.எஸ். கருவியைப் பிழையே இல்லாமல் வேகத்தை அளப்பதாக வைத்துக்கொண்டார்கள். மோதலைத் தவிர்க்கவென்று தனி ஏற்பாடு இருந்தது. அதுவும் இதே வழிகணிப்புத் தகவலை நம்பித்தான் இயங்கியது. அருகில் வந்ததும் பொறுப்பேற்க வேண்டிய ஒளியியல் உணரிக்கும் வேலை கிடைக்கவில்லை. 200 மீட்டர் தொலைவில் குறித்துவைத்த புள்ளியின் வட்டாரத்துக்குள் கலம் புகுந்தால்தான் அது முழுமையாக விழிக்கும் என்று மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அந்த வட்டாரம் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் தவறியது.

கெட்ட உணரி என்பது இந்தக் கதையின் சிறு பகுதிதான் என்று நினைக்கிறேன். விநாடிக்கு 0.6 மீட்டர் பிழையுள்ள கருவியை வைத்துக்கொண்டும் பத்திரமாகப் பறக்கலாம், அதன் பிழை 0.6 மீட்டர் என்று கலத்துக்குத் தெரிந்திருந்தால். தான் அறிந்ததில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சந்தேகம் என்று எண்ணிக்கொண்டே பறக்கும் வழியை இந்த அத்தியாயம் முழுக்கப் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன், விண்வெளியில் வேகப் பிழை ஏன் இவ்வளவு கொடியது என்று பார்த்துவிடலாம்.

1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற மேல்பகுதியை நெருங்க முயன்றார். அவரிடம் ரேடார் இல்லை. கண்ணால் பார்த்துத் தூரத்தை மதிப்பிட வேண்டும். அவருடைய மதிப்பீடும் உடன் இருந்த எட் வைட்டின் மதிப்பீடும் ஒத்துப்போகவில்லை. இலக்கை நோக்கி மூக்கைத் திருப்பி உந்துபொறியை இயக்கினார். இலக்கு விலகிப் போனது. மறுபடி இயக்கினார். இன்னும் விலகியது. எரிபொருள் வேகமாகக் குறைய, முயற்சி கைவிடப்பட்டது. சுற்றுப்பாதையில் முன்னோக்கித் தள்ளினால் கலம் உயரமான பாதைக்கு ஏறும். உயரமான பாதையில் சுற்று முடிக்க அதிக நேரம் ஆகும். ஆக, முந்தப் போனவர் பிந்திவிடுவார். எட்டிப் பிடிக்க வேண்டுமானால் சற்றே பின்னோக்கித் தள்ளித் தாழ வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, ரேடாரும் கணினியும் கொண்ட ஜெமினி 6ஏ, ஜெமினி 7க்கு ஏறத்தாழ 30 செ.மீ. வரை அருகில் போய் நின்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஜெமினி 12இன் ரேடார் வழியிலேயே பிடி விட்டபோது, பஸ் ஆல்டிரின் கோணமானியையும் முன்கூட்டித் தயாரித்த அட்டவணைகளையும் வைத்துக் கையால் கணக்கிட்டு இலக்கை அடைய வழி சொன்னார். விண்வெளிச் சந்திப்பில் பார்வைக்கோட்டை வைத்து வழி நடத்துவதுதான் அவர் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள். அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த இருக்கையில் இருந்திருக்க முடியாது.

அருகருகே பறக்கும் இரண்டு கலங்களின் சார்பியக்கத்தை எளிய சமன்பாடுகளில் அடக்கலாம். ஜார்ஜ் வில்லியம் ஹில் 1878இல் நிலவின் இயக்கத்துக்காகக் கண்ட வடிவம் அது. 1960இல் குளோஹெஸ்ஸி, வில்ட்ஷையர் என்ற இரு பொறியாளர்கள் அதைச் செயற்கைக்கோள் சந்திப்புக்கு ஏற்றவாறு எழுதினார்கள். அந்தச் சமன்பாடுகளிலிருந்து ஒரே ஒரு முடிவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஓட்டத்தின் திசையில் வேகம் சற்றே மாறினால், ஒரு சுற்று முடிவில் ஏற்படும் விலகல், அந்த வேக மாற்றத்தைச் சுற்றுக் காலத்தால் பெருக்கி, மேலும் மூன்றால் பெருக்கினால் கிடைக்கும். 475 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 94 நிமிடம். விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர், ஒரே ஒரு மில்லிமீட்டர் வேகப் பிழை இருந்தால் ஒரு சுற்றில் 17 மீட்டர் விலகல். ஒரு நாளில் சுமார் 260 மீட்டர். டார்ட்டின் 0.6 மீட்டர் பிழை ஓட்டத்தின் திசையிலேயே விழுந்திருந்தால், ஒரு சுற்றில் பத்து கிலோமீட்டரைத் தாண்டும். இடத்தை அளப்பதைவிட வேகத்தை அளப்பதில் பொறியாளர்கள் பதறுவது இதனால்தான்.

எந்த உணரியும் உண்மையை அப்படியே சொல்வதில்லை. ஆனால் தவறுவதில் இரண்டு வகை உண்டு. மளிகைக் கடையில் ஒரு தராசின் முள் இப்படியும் அப்படியும் நடுங்குகிறது. பலமுறை நிறுத்துச் சராசரி பார்த்தால் சரியான எடை வந்துவிடும். இன்னொரு தராசின் முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் எப்போதும் ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. அதில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே ஐம்பது கிராம் உடன் வரும். முதலாவதை இரைச்சல் என்றும் இரண்டாவதைச் சாய்வு என்றும் சொல்வோம். இரைச்சலைக் காலம் தணிக்கும். சாய்வைக் கண்டுபிடிக்க வேறு வகையில் அளக்கும் இன்னொரு சாட்சி வேண்டும்.

குளோஹெஸ்ஸியும் வில்ட்ஷையரும் எழுதிய அதே 1960இல், புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ருடால்ஃப் கால்மன் இன்னொரு கட்டுரையை வெளியிட்டார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் அதன் பயனைக் கண்டுகொண்டு, நிலவுப் பயணத்தின் வழிகணிப்புக்கு அதை வளைத்துக்கொடுத்தார். இன்று கால்மன் வடிகட்டி என்று அழைக்கப்படும் அந்த முறை இல்லாத விண்கலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அது செய்யும் வேலை இதுதான். இயக்கச் சமன்பாடுகளை வைத்து, அடுத்த கணத்தில் எங்கே இருப்போம் என்று முதலில் ஊகிக்கிறது. கூடவே, அந்த ஊகம் எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்பதற்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. பிறகு உணரியின் அளவீடு வருகிறது. அதற்கும் பிழையளவு உண்டு. எது அதிக நம்பகமோ அதன் பக்கம் அதிகமாகச் சாய்ந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு புதிய மதிப்பீட்டை எடுக்கிறது. சந்தேகத்தின் எண் குறைகிறது. அடுத்த அளவீடு வரும்வரை, இருட்டில் நடக்கும் ஒவ்வொரு விநாடிக்கும், அந்த எண் மறுபடி வளர்கிறது. இடம், வேகம் இவற்றோடு உணரியின் சாய்வையும் தெரியாத ஓர் எண்ணாகச் சேர்த்துவிட்டால், போகப்போக அதையும் வடிகட்டியே மதிப்பிட்டுவிடும். டார்ட்டுக்குத் தேவைப்பட்டது அது.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது, அளவீட்டுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது வீணாக்காமல் வைத்துக்கொள்வது. அந்த வேறுபாடு எதிர்பார்த்த அளவுக்குள் சுழியத்தின் இருபுறமும் சிதறினால் எல்லாம் நலம். ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால், யாரோ பொய் சொல்கிறார்கள்: உணரியோ, சமன்பாடோ. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்த அந்த எச்சரிக்கையை டார்ட் அழித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. வடிகட்டி தன் சந்தேகத்தை மிகக் குறைவாக எண்ணிக்கொண்டால், புதிய அளவீடுகளைப் பொருட்படுத்தாமல் தன் ஊகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் வடிகட்டிக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தை ஊற்றி வைப்பார்கள்.

இனி, தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு மில்லிமீட்டர் விலகலுக்கும் உந்துபொறியை இயக்கினால், கலம் தன் உணரியின் நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கும். இரைச்சல் வலப்பக்கம் காட்டும்போது இடப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் காட்டும்போது வலப்பக்கம் தள்ளி, போகாத ஊருக்கு எரிபொருளைச் செலவழிக்கும். உந்துபொறிக்கும் ஒரு குறைந்தபட்ச உதை உண்டு. அதைவிடச் சிறிதாகத் தள்ள முடியாது. ஆகவே இலக்கைச் சுற்றி ஒரு செயலற்ற வட்டாரத்தை வரைந்து, அதற்குள் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்வது வழக்கம். அந்த வட்டாரம் உணரியின் பிழையைவிடச் சிறியதாக இருந்தால் பயனில்லை. தேவையைவிடப் பெரியதாக இருந்தால் அணிவகுப்பு குலையும். இரண்டுக்கும் நடுவே இடமே இல்லை என்றால், வேறு உணரியைத்தான் தேட வேண்டும்.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டில் கிளம்பிய ஸ்பேடெக்ஸ் இரட்டைக் கலங்களில் இந்தத் தேடலைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. 475 கி.மீ. உயரம். ஒன்று துரத்தும், மற்றது இலக்கு. தொலைவில் இருக்கும்போது இரண்டும் தங்கள் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அளவீடுகளை ரேடியோ இணைப்பில் பரிமாறிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தன. இங்கே ஒரு நல்ல விஷயம் நடக்கிறது. இரண்டு கருவிகளும் ஒரே வழிகாட்டிக் கோள்களைப் பார்ப்பதால், அந்தக் கோள்களின் கடிகாரப் பிழையும் பாதைப் பிழையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும், கழித்தால் மறைந்துவிடும். நாம் பூமிக்கு மேலே சரியாக எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டாலும், நமக்குள் எவ்வளவு இடைவெளி என்று நன்றாகத் தெரியும்.

அருகே வர வர உணரிகள் மாறின. லேசர் தூரமானிக்கு 6,000 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை. கடைசிக் கட்டத்துக்கான உணரிக்கு 30 மீட்டரிலிருந்து 40 செ.மீ. வரை. ஒரு கலத்தின் இணைப்புப் பொறிமுறை மற்றதனுள் நுழைவதைப் பார்ப்பதற்கென்று 8 செ.மீ.க்கும் 4 செ.மீ.க்கும் இடையே மட்டும் வேலை செய்யும் ஒன்று. நடுவே இன்னும் சில. பெரும்பாலும் ஒன்றின் எல்லை முடிவதற்குள் அடுத்ததன் எல்லை தொடங்கிவிடும். அந்தப் பொதுவான பகுதியில் இரண்டும் ஒத்த பதில் சொல்கின்றனவா என்று ஒப்பிட முடியும். 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று நிறுத்தங்கள் வைத்திருந்தார்கள். டார்ட்டுக்கு இல்லாமல் போன சாட்சிகளும், நின்று யோசிக்கும் இடங்களும் இங்கே இருந்தன.

இணைப்பு முதலில் ஜனவரி 7 என்று அறிவிக்கப்பட்டது. ஆபத்தில் பின்வாங்கும் ஒரு சூழலை மேலும் சோதிக்க வேண்டியிருந்ததால் 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. பிறகு, 225 மீட்டர் இடைவெளிக்கு வருவதற்கான நகர்வின்போது, தரை நிலையங்களின் பார்வைக்கு வெளியே இருந்த நேரத்துக்குப் பின், விலகல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பது தெரிந்தது. மறுபடி தள்ளிவைத்தார்கள். 12ஆம் தேதி 15 மீட்டர் வரையும் அதன்பின் 3 மீட்டர் வரையும் போய், அங்கிருந்து பத்திரமான தூரத்துக்குத் திரும்பி வந்து, திரட்டிய தகவலை ஆராய்ந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இலக்கு இருக்கும்போது திரும்பி வர மனம் வருவது எளிதல்ல. ஒத்திவைப்புச் செய்திகளை அந்த நாட்களில் ஏமாற்றத்தோடு வாசித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். என் பார்வையில் அந்தத் திட்டத்தின் உச்சம் அந்தப் பின்வாங்கல்தான். ஜனவரி 16 அன்று கலங்கள் இணைந்தன. அந்தத் தொடுகைக்குத் திட்டமிட்ட வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர்.

இணைவது ஒரு கணத்து வேலை. இணையாமல், தொடாமல், மணிக்கணக்கில் ஒரே இடைவெளியில் நிற்பது அதைவிடக் கடினம். ஸ்பேடெக்ஸுக்கு 25 நாள் முன்பு, டிசம்பர் 5 அன்று, அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி59 சுமந்து சென்ற ஐரோப்பிய விண்வெளி முகமையின் புரோபா-3க்கு அந்த வேலைதான் தரப்பட்டது.

சூரியனின் விளிம்பைச் சுற்றிய கொரோனாவை நாம் முழுச் சூரிய கிரகணத்தின்போதுதான் நன்றாகப் பார்க்கிறோம். பூமியில் ஓரிடத்தில் அது அதிகபட்சம் சுமார் ஏழரை நிமிடம்தான். புரோபா-3 செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்குகிறது. 1.4 மீட்டர் அகலத் தட்டு ஒன்றைத் தாங்கிய மறைக்கும் கலம் சூரியனுக்கும், தொலைநோக்கியைத் தாங்கிய கலத்துக்கும் நடுவே நிற்கும். இடைவெளி ஏறத்தாழ 150 மீட்டர். அந்தத் தொலைவில் தட்டின் கருநிழல் சுமார் 8 செ.மீ. அகலம்தான் இருக்கும், சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நிழல் கூம்பாகக் குறுகிக்கொண்டே போகிறது. தொலைநோக்கியின் வாய் 5 செ.மீ. எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. மட்டுமே மிச்சம். இரண்டு கலங்களும் ஒரே உலோகச் சட்டத்தில் முடுக்கப்பட்டவைபோல ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்க வேண்டும், ஆறு மணி நேரம்.

இதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பாதையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பூமியிலிருந்து மிகக் குறைந்த உயரம் (அண்மைப் புள்ளி) 600 கி.மீ., மிக அதிகம் (சேய்மைப் புள்ளி) 60,530 கி.மீ. ஒரு சுற்றுக்கு 19.7 மணி நேரம். இரு கலங்களின்மீது பூமியின் ஈர்ப்பு சற்றே வேறுபடுகிறது. அந்த வேறுபாடுதான் அணிவகுப்பைக் குலைக்கிறது. பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப அது குறையும். கணக்குப் போட்டால், சேய்மைப் புள்ளியில் அது அண்மைப் புள்ளியில் இருப்பதைவிட சுமார் 880 மடங்கு சிறியது. அங்கேயும் சும்மா விட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நெருக்கமாக விலகிவிடும். சூரிய ஒளியின் அழுத்தம் வேறு, இரண்டு கலங்களையும் வெவ்வேறு அளவில் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு நிமிடம் என்பது கணினிக்கு நீண்ட அவகாசம்.

சேய்மைப் புள்ளியின் சிக்கல் வேறு. ஜி.பி.எஸ். கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில், பூமியை நோக்கி ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. 60,000 கி.மீ. உயரத்தில் அவற்றை நம்பி அணிவகுக்க முடியாது. எனவே அண்மைப் புள்ளிக்கு அருகே பறக்கும்போது ஜி.பி.எஸ். அளவீடுகளைக் கழித்துச் சார்பு நிலையைத் தெரிந்துகொண்டு, மேலே ஏறும் மணி நேரங்களைச் சமன்பாடுகளை மட்டும் வைத்துக் கடக்க வேண்டும். மேலே போனதும் மறைக்கும் கலத்திலுள்ள அகன்ற கோணக் கேமரா, மற்றக் கலத்தில் மினுக்கும் எல்.ஈ.டி. விளக்குகளைத் தேடிப் பிடிக்கிறது. அடுத்துக் குறுகிய கோணக் கேமரா இன்னும் சிறிய விளக்குக் கோலத்தைப் பிடிக்கிறது, சந்தேகம் செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. பிறகு ஒரு லேசர் கதிர், எதிர்க்கலத்தின் மூலைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து, அதை மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறது.

கடைசிச் சாட்சி நிழலேதான். தொலைநோக்கியின் வாயைச் சுற்றி ஒளியுணரிகள் அரைநிழலில் நிற்கின்றன. நிழல் நடுவில் விழுந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வெளிச்சம். சற்று நகர்ந்தால் ஒரு பக்கம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும். கேமராவுக்கும் லேசருக்கும் கலத்தில் பொருத்தப்பட்ட கோணத்தில் நுண்ணிய சாய்வு இருக்கலாம். வெயிலில் உலோகம் விரிந்து அது மாறவும் செய்யலாம். நிழலுணரிக்கு அந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் நமக்கு வேண்டியதையே அது நேரடியாக அளக்கிறது. இவ்வளவு அழகான உணரியை வேறெந்த விண்கலத்திலும் நான் கண்டதில்லை. இந்த அளவீடுகளையெல்லாம் வாங்கி, மறைக்கும் கலத்தின் குளிர்வாயு உந்துபொறிகள் 10 மில்லிநியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழ ஒரு கிராம் எடையின் அழுத்தத்தால், 200 கிலோ கலத்தை நகர்த்துகின்றன.

2025 மார்ச் மாதம் இரு கலங்களும் தரையின் தலையீடு இல்லாமல் மில்லிமீட்டர் துல்லியத்தில் பல மணி நேரம் அணிவகுத்தன. மே 23 அன்று எடுத்த கொரோனாப் படங்கள் ஜூன் 16 அன்று வெளியாயின.

ஆறு மணி நேரம் முடிந்ததும் அணிவகுப்பைக் கலைத்துவிடுவதுதான் இந்தக் கலங்களின் நடைமுறை. ஈர்ப்பு வேறுபாடு 880 மடங்கு வளரும் இடத்தில் இடைவெளியைப் பிடித்துவைக்க முயன்றால் எரிபொருள் நிற்காது. மோதலுக்கு இடம் தராத பாதைகளில் இரண்டும் தனித்தனியே கீழே விழுகின்றன, ஜி.பி.எஸ். பார்வைக்குள் வந்து தங்கள் சார்பு நிலையைப் புதுப்பித்துக்கொள்கின்றன, மறுபடி இருட்டில் மேலே ஏறுகின்றன. ஏறும்போது சந்தேகத்தின் எண் மணிக்கு மணி வளர்கிறது. மேலே போய்ச் சேரும்போது அது எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அகன்ற கோணக் கேமராவின் பார்வைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மினுக்கும் விளக்குகள் படத்துக்கு வெளியே போய்விடும், அடுத்த உணரிக்கு வேலையே வராது. அந்தக் கேமராவின் கோணம் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதைக் கீழே, அண்மைப் புள்ளியில், வேகம் எத்தனை துல்லியமாக அளக்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது.